கியூவின் பாறைத் தோட்டமும் கழுத்தழுகலும்: உயர்மலைப் பூச்செடிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆல்ப்ஸ் மலையில் மைனஸ் 20 டிகிரியைத் தாண்டிவரும் செடி, தண்ணீர்கூடச் சரியாக உறையாத லண்டன் டிசம்பரில் அழுகிச் செத்துப்போகிறது. மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, பாறைக்கும் பனிக்கும் நடுவே வாழும் பல்லாண்டுப் பூச்செடிகளைக் கீழே கொண்டுவந்து வளர்க்க நினைத்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் இது. செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் வேர் வெள்ளையாக இருக்கும். இலைநுனியில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கும். இரண்டும் சேரும் இடம் மட்டும், மண்மட்டத்தை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்குப் பழுப்பாகக் கூழாகியிருக்கும். அந்த இடத்தைச் செடியின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கழுத்தைப் பற்றியதுதான்.

கியூவில் நடந்தது

லண்டனின் மேற்கே, தேம்ஸ் கரையில் உள்ள கியூ அரச தாவரவியல் தோட்டத்தை இதற்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஒரே இடத்தில், ஒரே சிக்கலை, 120 ஆண்டுகளுக்கு மேல் வெவ்வேறு விதமாக அணுகிப் பார்த்திருக்கிறார்கள்.

1882-இல் ஜார்ஜ் கர்லிங் ஜோட் என்பவர் சேர்த்துவைத்திருந்த 2,500-க்கும் மேற்பட்ட உயர்மலைச் செடிகள், அவருடைய உயிலின்படி கியூவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வைக்க இடம் வேண்டும் என்றுதான் பாறைத் தோட்டம் எழும்பியது. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரனீஸ் மலையின் பள்ளத்தாக்கு ஒன்றைப் போல, நடுவே தாழ்ந்த பாதை, இருபுறமும் ஏறிச்செல்லும் பாறை அடுக்கு என்று அமைத்தார்கள். முதலில் போட்டது சுண்ணாம்புக்கல். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு சசெக்ஸ் பகுதி மணற்கல்லை வைத்தார்கள். மணற்கல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல விடும். கியூவின் மண் சரளைமேல் படிந்த மெலிந்த மணல். ஜூலையில் சீக்கிரம் காய்ந்துபோகும். ஆக, கல்லை மாற்றியது கோடைக்காக. குளிர்காலத்துச் சிக்கல் அப்படியே நின்றது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பாறைத் தோட்டம் பெரும்பாலும் பகட்டுக்கான பொருள். ஹென்லியில் ஃபிரையர் பார்க் என்ற மாளிகையில் (பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வாழ்ந்த வீடு) ஃபிராங்க் கிரிஸ்ப் என்ற வழக்கறிஞர் ஆயிரக்கணக்கான டன் கல்லைக் கொட்டி ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் குட்டி உருவத்தையே எழுப்பினார். மலை வந்துவிட்டது, மலையின் குளிர்காலம் வரவில்லை. இப்படிப்பட்ட தோட்டங்களுக்காக வடக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைத் தளங்களைப் பெயர்த்ததில் அந்த நிலங்களே பாழாயின. 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட தளங்கள் பாதுகாக்கப்படுகின்றன. எனவே தண்ணீர் அரித்த, வளைவு நெளிவான சுண்ணாம்புக்கல்லை யாராவது விற்க வந்தால் எங்கிருந்து எடுத்தது என்று கேட்காமல் வாங்கக்கூடாது. உடைந்த நடைபாதைக் கான்கிரீட் பலகைகூடச் செடிக்குப் போதும். அதற்குக் கல்லின் பரம்பரை தெரியாது.

மழைக் கணக்கு

லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. ஆல்ப்ஸின் உயரமான பகுதிகளில் 1,500 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் பல. அப்படியென்றால் சொந்த மலையில் இருப்பதைவிட லண்டனில் இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் குறைவு. பிறகு ஏன் அழுகுகின்றன?

எவ்வளவு பெய்கிறது என்பதைவிட எப்போது பெய்கிறது என்பதே கேள்வி. ஆல்ப்ஸில் அக்டோபர் முடிவிலிருந்து விழுவது பனி. செடி பனிக்கு அடியில் ஆறேழு மாதம் கிடக்கும். வெளியே மைனஸ் 20 இருந்தாலும் கனத்த பனிப்போர்வைக்கு அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். தண்ணீர் திடப்பொருளாக இருப்பதால் கழுத்தில் ஈரம் தங்காது. வெளிச்சம் குறைவு, வெப்பம் இல்லை, வளர்ச்சியும் இல்லை, ஆழ்ந்த உறக்கம். மே, ஜூனில் பனி உருகும்போது ஒரே வெள்ளம், சுளீரென்ற வெயில், விடாத காற்று. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் இலை, பூ, விதை எல்லாம் முடிந்தாக வேண்டும்.

லண்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை பகல் வெப்பம் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி, தூறல், மங்கிய வெளிச்சம். உறங்கவும் முடியாத, வளரவும் முடியாத நிலை. செடி அரைத்தூக்கத்தில் வெளிறிய, நீண்ட தளிர்களை விடுகிறது. மெத்தைபோல் இறுகி வளரும் செடிகளுக்கு உள்ளே சென்ற ஆண்டுகளின் காய்ந்த இலைகள் அடுக்கடுக்காக இருக்கும். அது பஞ்சுபோல் நீரைக் குடித்து வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளும். சாம்பல் பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழுகிறதே, அங்கே வளராதா என்ற கேள்வி தமிழ் வாசகர்களுக்கு இயல்பாக வரும். நீலகிரியில் ஜனவரி இரவு பூஜ்யத்தைத் தொட்டாலும் பகல் வெப்பம் 20 டிகிரியை எட்டும். மாதக்கணக்கான தொடர்ந்த உறக்கம் கிடைக்காது. மேலே இரண்டு பருவமழை வேறு. ஆல்ப்ஸ் செடிகளில் பல அங்கே இலையோடு உயிர் வாழலாம். பூமொட்டு கட்டுவது கடினம். ஸ்விட்சர்லாந்து, நார்வே, கனடா என்று குடியேறிய தமிழர்களின் வீட்டுத் தோட்டங்களுக்குத்தான் இந்த ஆய்வு நேரடியாகப் பொருந்தும்.

கண்ணாடிக்குள் ஒரு மலைக்காற்று

கியூவில் 1981-இல் பிரமிடு வடிவில் உயர்மலைச் செடிகளுக்கான கண்ணாடி வீடு ஒன்று கட்டினார்கள். அதன் இடத்தைப் பிறகு பிடித்தது 2006-இல் திறந்த டேவிஸ் ஆல்ப்பைன் ஹவுஸ். வில்கின்சன் அயர் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வில் முதுகோடு முதுகாகச் சாய்ந்து நிற்பது போன்ற, சுமார் 10 மீட்டர் உயரமான கண்ணாடி. பாறைத் தோட்டத்தின் ஓரத்திலேயே நிற்கிறது.

இதன் சூட்சுமம் தரைக்கு அடியில் இருக்கிறது. கான்கிரீட் சுவர்களால் ஆன சந்துபொந்தான அறையில் இரவுக் குளிர்காற்றை ஓடவிட்டு அந்தச் சுவர்களைக் குளிரவைக்கிறார்கள். பகலில் அதே வழியாகக் காற்றைச் செலுத்தி, குளிர்ந்ததைச் செடிகளின் ஓரமாகக் குழாய்களில் வெளியே விடுகிறார்கள். உயரமான கூரையின் உச்சியில் உள்ள திறப்பு வழியே வெப்பக்காற்று தானாக மேலேறி வெளியேறும். இரும்புச்சத்து குறைந்த தெளிந்த கண்ணாடி என்பதால் வெளிச்சம் அதிகம் கிடைக்கும். வெயில் மிஞ்சினால் மயில்தோகைபோல் விரியும் திரை நிழல் தரும். இத்தனை செய்தும் செடிகள் அங்கேயே நிரந்தரமாக வாழ்வதில்லை. பின்புறத்து நாற்றங்காலில் தொட்டிகளில் வளர்பவை, பூக்கும் வாரங்களில் மட்டும் இங்கே வந்து மணலில் புதைபட்டு நிற்கும். பூ முடிந்தால் திரும்பிப் போகும்.

வீட்டுத் தோட்டக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று: கழுத்தில் காற்று, வேரில் குளிர்ச்சி, தலையில் வெளிச்சம். இந்த மூன்றையும் மின்சாரம் இல்லாமல் ஓரளவு தரக்கூடிய அமைப்பு, கல்லைப் படுக்கப்போடாமல் செங்குத்தாக நிறுத்தும் இடுக்குப் பாத்தி. செக் நாட்டுத் தோட்டக்காரர்கள், குறிப்பாக ஸ்டெனெக் ஸ்வோலானெக், இந்த முறையை நுணுக்கமாக வளர்த்து வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனார்கள்.

இடுக்கு ஏன் வேலை செய்கிறது

பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடித்தால் சிறிது சொட்டிவிட்டு நின்றுவிடும். அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் மட்டும் மாறியது. மண்ணும் இப்படித்தான். எந்த மண்கலவையின் அடியிலும் நீர் நிறைந்த ஒரு பட்டை தங்கும். துகள் எவ்வளவு பொடியோ பட்டை அவ்வளவு தடிமன். பாத்தி உயரமாகவும் துகள் பெரிதாகவும் இருந்தால், கழுத்து அந்தப் பட்டையிலிருந்து எட்ட நிற்கும்.

பழைய முறைகளில் சொல்லும் ஒரு வேலை இங்கே எதிராகத் திரும்புகிறது. "வடிகாலுக்காக" அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் நைஸ் மண் என்று போடுவார்கள். பொடியான மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காது. மேல்மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். நீர்ப்பட்டை மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும். செங்கல் கழிவு இடத்தை நிரப்பப் பயன்படும், அவ்வளவே. வடிகால் வேண்டுமென்றால் கலவை முழுவதுமே கரடுமுரடாக இருந்து, அடிமண்ணை நேராகத் தொட வேண்டும்.

செங்குத்தான கல் இன்னொன்றும் செய்கிறது. இரண்டு கல்லுக்கு நடுவே இறங்கும் வேருக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை, ஆழம் போகும். ஆழத்தில் ஜூலையிலும் குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும். வெயில் படும் மேற்பரப்பில் பெரும்பகுதியைக் கல் மூடியிருப்பதால் ஆவியாவதும் குறைவு. குளிர்காலத்தில் கழுத்து காய்ந்திருக்கிறது, கோடையில் வேர் நனைந்திருக்கிறது.

பாத்தி: அளவும் வேலையும்

3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், சராசரி 40 சென்டிமீட்டர் உயரம் என்று கணக்கு வைப்போம். மொத்தக் கொள்ளளவு 1.8 கனமீட்டர். இதில் பாதி கல், பாதி கலவை. கல் 0.9 கனமீட்டர் என்றால் எடை 2 டன்னுக்குச் சற்று மேல். கலவை சுமார் 900 லிட்டர்:

4–6 மி.மீ. கூரான சரளை 3 பங்கு (390 லிட்டர்)
கழுவிய கரடுமணல் 2 பங்கு (260 லிட்டர்)
களை விதை இல்லாத தோட்டமண் 1 பங்கு (130 லிட்டர்)
சலித்த இலைமட்கு 1 பங்கு (130 லிட்டர்)

இது மழை அதிகமான ஊருக்கு. லண்டன்போல் காய்ந்த கிழக்குப் பகுதிகளில் மண்ணையும் இலைமட்கையும் ஒன்றரைப் பங்காக உயர்த்தலாம். பூச்சுவேலைக்கு விற்கும் நைஸ் மணல் கூடவே கூடாது. அது சரளையின் இடைவெளிகளை அடைத்துச் சிமெண்டுபோல் இறுகும். கடல்மணலில் உப்பு. மணலைப் பிடித்து நசுக்கிவிட்டுக் கையை விரித்தால் உதிர வேண்டும்; உருண்டையாக நின்றால் வேண்டாம். கலந்த பிறகு ஒரு தொட்டியில் நிரப்பி அரை லிட்டர் ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் மேற்பரப்பிலிருந்து மறைய வேண்டும். குளம் கட்டினால் இன்னும் சரளை.

இடத்தைத் தேர்வது எளிது: மரத்தின் சொட்டுக்கு அப்பால், பகலில் ஆறு மணிநேரமாவது வெயில் படும் திறந்த இடம். அதற்கு முன்னால் களை. கொடிபோல் ஊரும் பைண்ட்வீட், கௌச் புல், குதிரைவால் ஆகிய மூன்றில் ஒன்று அடிமண்ணில் இருந்தாலும் ஒரு முழுப்பருவம் செலவிட்டு ஒழித்த பிறகே கல்லைத் தூக்க வேண்டும். இரண்டு டன் கல்லுக்கு அடியில் புகுந்த குதிரைவாலைப் பிடுங்க ஒரே வழி, இரண்டு டன் கல்லையும் மறுபடி எடுப்பது.

களிமண் தரையென்றால் பள்ளம் தோண்டாதீர்கள். தோண்டிய பள்ளம் கிணறாகிவிடும். தரையைக் கவட்டுக்கருவியால் 20 சென்டிமீட்டர் ஆழம் கிளறி, ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்து, அதன்மேல் எழுப்ப வேண்டும்.

கல் எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும்: ஸ்லேட், மணற்கல், சுண்ணாம்புக்கல், எதுவானாலும். தட்டையான பலகைக்கல் சிறந்தது. 30 முதல் 60 செ.மீ. நீளம், 3 முதல் 10 செ.மீ. தடிமன். தாழ்ந்த ஓரத்திலிருந்து தொடங்குங்கள். முதல் கல்லை நெட்டாகவோ, நிமிர்விலிருந்து 10–20 டிகிரி சாய்வாகவோ நிறுத்தி, மூன்றில் இரண்டு பங்கைப் புதைக்க வேண்டும். அடுத்த கல் அதற்கு இணையாக, 2 செ.மீ. இடைவெளியில். எல்லாக் கல்லின் சாய்வும் திசையும் ஒன்றாக இருந்தால்தான் பூமிக்குள்ளிருந்து எழுந்த ஒரே பாறைபோல் தெரியும். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று நின்றால் பல்வரிசை கெட்ட வாய்போல் இருக்கும். கல்வரிசை கிழக்கு மேற்காக ஓடினால் வடக்குப் பக்கம் நிழல் இடுக்கு, தெற்குப் பக்கம் வெயில் இடுக்கு என்று இரண்டும் ஒரே பாத்தியில் கிடைத்துவிடும்.

கலவையை இடுக்கில் பத்துப் பத்து சென்டிமீட்டராக இறக்கி, தட்டையான மரக்குச்சியால் குத்திக் குத்தி இறுக்குவது இந்த வேலையின் உயிர்நாடி. அவசரத்தில் விட்ட காற்றுப்பொந்தில் வேர் நுழைந்ததும் காய்ந்து நிற்கும். செடி மே மாதத்தில் காரணம் சொல்லாமல் வாடும். கல் ஆடினால் சில்லுக்கல்லை ஆப்பாக அடித்து நிறுத்துங்கள். ஒருவர் ஏறி நின்றாலும் அசையக்கூடாது. மூன்று நான்கு வாரம் மழையில் படிய விட்டு, இறங்கிய இடங்களை மறுபடி நிரப்பி, கடைசியில் 3 செ.மீ. கனத்துக்குச் சரளை போர்த்த வேண்டும். இந்த அளவுக்குச் சுமார் 100 கிலோ சரளை போதும். இந்த மேல்சரளைதான் கழுத்தைச் சுற்றி நிற்கும் காய்ந்த காலர்.

நடவு

மார்ச் கடைசி, அல்லது செப்டம்பர் முதல் பாதி. நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் செடி பெரும்பாலும் பீட் (சதுப்புநில மட்கு) கலந்த கலவையில் இருக்கும். அந்தப் பீட் உருண்டையோடு சரளைப் பாத்தியில் நட்டால் இரண்டு கெடுதி: குளிர்காலத்தில் அந்த உருண்டை மட்டும் ஊறிக்கிடக்கும், கோடையில் ஒருமுறை காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை உள்ளே விடாது. சுற்றிலும் ஈரம் இருக்க, நடுவில் செடி தாகத்தில் சாகும். ஆகவே ஒரு வாளி நீரில் அலசி, வேரைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கி நட வேண்டும். அலசுமுன் தொட்டியின் மேலே ஒரு சென்டிமீட்டரைச் சுரண்டி எறிந்துவிடுங்கள். பாசியும் களை விதையும் அதில்தான் பயணம் செய்கின்றன.

பழைய ஸ்குரூடிரைவரோ, நீண்ட கைப்பிடிக் கரண்டியோ கொண்டு இடுக்கில் வழி செய்து, வேரை விசிறிபோல் நீளமாகத் தொங்கவிட்டு, கலவையை ஊட்டி ஊட்டி நிரப்புங்கள். கழுத்தின் இருபுறமும் சில்லுக்கல் ஒன்றைச் செருகினால் செடி அசையாது. சிறிய செடிதான் வாங்க வேண்டும். 9 செ.மீ. தொட்டியில் பருத்து நிற்பது கண்ணுக்கு அழகு, 2 செ.மீ. இடுக்குக்குள் போகாது. முதல் இரண்டு வாரம் வலைத்துணி நிழல், முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர்.

எந்தச் செடி எங்கே

தெற்கு வெயில் இடுக்கில் வெள்ளி சாக்ஸிஃப்ராகா முதலில். சாக்ஸிஃப்ராகா பனிகுலாட்டாவின் இலையோரங்களில் வெள்ளைப் புள்ளிகள் கோலப்பொடி வைத்ததுபோல் இருக்கும். செடி நீரோடு உறிஞ்சிய சுண்ணாம்பை இலையோரத் துளைகள் வழியே வெளியேற்றுவதால் படிவது அது. புதிதாகத் தொடங்குபவர் கையில் சாகாத செடி. அதன் பெரியப்பா பிரனீஸ் மலையின் சாக்ஸிஃப்ராகா லாங்கிஃபோலியா. ஒற்றை ரோஜா வடிவ இலைக்கொத்து பல ஆண்டுகள் மெல்ல விரிந்து, ஒரே ஒரு முறை அரை மீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான வெள்ளைப் பூக்களைத் தள்ளிவிட்டுச் சாகும். வாழை குலை தள்ளுவது போலத்தான், ஆனால் பக்கக்கன்று கிடையாது. விதையைப் பிடித்துவைக்காவிட்டால் அத்தோடு சரி. பூத்தபின் காய்வதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு.

வடக்கு நிழல் இடுக்கு ரமோண்டா மைக்கோனிக்கு. இதுவும் பிரனீஸ் செடி. ஜன்னலோரத்தில் வளரும் ஆப்பிரிக்கன் வயலட்டின் உறவு. கண்டிப்பாகச் செங்குத்தாக நட வேண்டும். இலைக்கொத்து பக்கவாட்டைப் பார்த்தால் நடுவில் நீர் தேங்காது. வறட்சியில் இலை சுருண்டு காய்ந்த காகிதம்போல் ஆகும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். மழை வந்ததும் விரியும். அமெரிக்க மேற்கு மலைகளின் லூயிசியா காட்டிலிடனுக்கும் இதே செங்குத்து நடவுதான், நடுத்தர வெயிலில். படுக்கையாக நட்ட லூயிசியா முதல் குளிர்காலத்திலேயே கழுத்தழுகிப் போவது மிகச் சாதாரணம்.

ஜென்ஷியானா அக்காலிஸ் உயிர் வாழ்வதில் குறைவைக்காது, பூப்பதில்தான் வம்பு. பாய்போல் பச்சையாகப் பரவி, அந்த ஆழ்நீல எக்காளப் பூ ஒன்றுகூட விடாமல் நிற்கும். பார்க்க வேண்டியவை வரிசையாக: வெயில் போதுமா, வேர்மண் இறுகி இருக்கிறதா, பசி எடுக்கிறதா. மற்ற உயர்மலைச் செடிகளைவிட இதற்குச் சத்து கூடுதலாக வேண்டும்; சரளை குறைந்த, மண் அதிகமான அடிவாரப் பகுதியில் நட்டு, வசந்தத்தில் தக்காளிச் செடிக்கென விற்கும் உரத்தைப் பாதி வலுவில் இரண்டு முறை கொடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் பூக்காலம் முடிந்ததும் பிரித்து வேறு இடத்தில் இறுக்கி நடுவதுதான் பழைய வைத்தியம். சில இடங்களில் பூக்கும், பத்தடி தள்ளிப் பூக்காது. அதன் சிறிய தங்கை ஜென்ஷியானா வெர்னா குறுகிய ஆயுள் கொண்டது. நான்கைந்தை ஒன்றாக நட்டு, ஆண்டுதோறும் விதை போட்டுவருவது நல்லது.

இலையுதிர்காலத்தில் பூக்கும் ஜென்ஷியானா சினோ-ஆர்னாட்டாவை இந்தப் பாத்தியில் நடவே வேண்டாம். ஜார்ஜ் ஃபாரஸ்ட் சீனாவின் யுன்னானிலிருந்து கொண்டுவந்த செடி அது; கோடையில் பருவமழையும் புளிப்பு மண்ணும் கேட்கும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சளாகிவிடும். ஒரே பேரினம் என்பதற்காக ஒரே பாத்தியில் வைப்பது, மீன்குழம்பில் பாயசத்தை ஊற்றுவது மாதிரி.

எடெல்வைஸ் பற்றி ஒரு வார்த்தை. விதையிலிருந்து சுலபமாக வரும். ஆனால் கொழுத்த மண்ணில் தளதளவென்று உயர்ந்து, அந்தப் புகழ்பெற்ற வெள்ளைக் கம்பளி மறைந்து, அழுக்குச் சாம்பல் நிறக் களைபோல் நிற்கும். பட்டினி போடுங்கள்: வெறும் சரளை, முழு வெயில், உரம் இல்லை.

டயாந்தஸ் ஆல்பினஸ், ஆண்ட்ரோசேஸ் செம்பர்விவாய்ட்ஸ், ஆண்ட்ரோசேஸ் லனுஜினோசா ஆகியவை சிரமமில்லாமல் இடத்தை நிறைக்கும். ஆப்ரியேட்டாவைச் சுவருக்கு அனுப்பிவிடுங்கள். சிறிய மெத்தைச் செடிகளை ஒரே கோடையில் போர்த்திவிடும்.

கெடுவது எங்கே

மெத்தையின் நடுவில் பழுப்புத் திட்டு வந்தால் காரணம் நான்கில் ஒன்று. இலையுதிர்காலத்தில் மரத்திலை வந்து படிந்து ஈரத்தோடு கிடந்தது. தென்மேற்கு வெயில் சுட்டது. அடியில் எறும்பு புற்று வைத்தது. வேர்க்கலவை இறங்கிப் பொந்து விழுந்தது. விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று அமுங்கினால் கடைசி இரண்டு. சிகிச்சை ஒன்றுதான்: காய்ந்த பகுதியைக் கூரான கத்தரியால் பச்சை தெரியும்வரை வெட்டி, குழியில் சரளையும் மணலும் நிரப்பினால் சுற்றியுள்ள கொத்துகள் அதன்மேல் ஊர்ந்து வேர்விடும். நவம்பரில் வாரம் ஒருமுறை உதிர்ந்த இலைகளைப் பொறுக்குவது, பூஞ்சணக்கொல்லி அடிப்பதைவிடப் பலன் தரும்.

செடி பச்சையாகவே இருந்து, தொட்டால் கையோடு வந்துவிட்டால் கூன்வண்டுப் புழு. வெண்மஞ்சள் உடல், பழுப்புத் தலை, கால் இல்லை, சுருண்டு கிடக்கும். பிரிமுலா, சாக்ஸிஃப்ராகா, லூயிசியா வேர்கள் அதற்கு விருந்து. கோடையில் இலையோரம் பல்பல்லாகக் கடிபட்டிருந்தால் தாய்வண்டு வந்துவிட்டது என்று பொருள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஸ்டைனர்நீமா கிராசெய் என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். மண் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் அது வேலை செய்யும். ஊற்றுமுன்னும் ஊற்றியபின்னும் கலவை ஈரமாக இருக்க வேண்டும். சரளைப் பாத்தி சீக்கிரம் காய்வதால் பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

சோல்டனெல்லா ஆண்டுதோறும் இலையாகவே நின்றால் செடியைக் குறை சொல்லாதீர்கள். அதன் பூமொட்டு இலையுதிர்காலத்திலேயே கழுத்தருகில் உருவாகிவிடும். மிதமான குளிர்காலத்தில் ஓடில்லா நத்தை அதைத் தேடிவந்து தின்றுவிட்டு, இலையைத் தொடாமல் போகும். அக்டோபரிலேயே நத்தைக்குக் காவல் போட வேண்டும்; வசந்தத்தில் போடுவது திருடன் போனபின் கதவைச் சாத்துவது.

கம்பளி இலைச் செடிகளுக்கு நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை கண்ணாடிக் கூரை. ஒரு சதுரத் துண்டை நான்கு கம்பிக் காலில் 15–20 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, பறக்காமல் கட்டுங்கள். பக்கங்கள் நான்கும் திறந்தே இருக்க வேண்டும். குளிருமே என்று பக்கத்தையும் மூடியவர்கள், மழையைத் தடுத்துவிட்டுப் பூஞ்சணத்தைக் கூப்பிட்டவர்கள்.

விதை போடுவது டிசம்பர், ஜனவரியில். கலவைமேல் விதை, அதன்மேல் அரை சென்டிமீட்டர் சரளை, தொட்டியை வடக்குச் சுவரோரம் வெளியே வைத்துவிட வேண்டியது. ஆறு முதல் பன்னிரண்டு வாரக் குளிர் கிடைத்த பிறகே பல இனங்கள் முளைக்கும். முதல் வசந்தத்தில் முளைக்காத தொட்டியைக் கவிழ்க்காதீர்கள். இரண்டாம் குளிர்காலத்துக்குப் பின் முளைப்பவை ஏராளம்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பாத்திக்கு அடங்காதவை சில. ஆண்ட்ரோசேஸ் வாண்டெல்லிக்குச் சுண்ணாம்பும் ஆகாது, ஒரு துளி குளிர்கால மழையும் ஆகாது. வான்நீலப் பூக்கொண்ட எரிட்ரிக்கியம் நானம், கைதேர்ந்தவர்களின் கண்ணாடி வீட்டிலேயே பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் கண்ணை மூடிவிடும். இவற்றுக்கு மண்தொட்டி, தொட்டியைச் சுற்றி மணல், தண்ணீர் தொட்டிக்குள் ஊற்றாமல் அந்த மணலில்.

செடி விற்பவர் எரிட்ரிக்கியத்தைப் பூவோடு காட்டினால், அதே பணத்துக்கு ஐந்து சாக்ஸிஃப்ராகா பனிகுலாட்டா வாங்கிவருவது நல்லது.